மாப்பிள்ளைக்குப் பத்தடி பின்னால்

என் நாத்தனார் புருஷனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. கடைசியில் மனசு இளகிவிடும் என்ற நினைப்பில் யாரும் இதைப் படிக்க வேண்டாம் என்பதற்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் எங்கள் வீட்டு மாப்பிள்ளை. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் ஆகிறது, இன்றைக்கும் புது மாப்பிள்ளைதான். அவர் வாசலில் பைக்கை நிறுத்தினால் என் கணவர் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார், மாமியார் டிவி சத்தத்தைக் குறைப்பார். அவர் சொல்லுக்கு எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது. ஒருமுறை கறிக்குழம்பில் உப்பு தூக்கல் என்றார். மாமியார் தெரியாத்தனமாக "இல்லீங்களே" என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தைக்காக ஏழு மாதம் நாத்தனாரைப் பிறந்த வீட்டுப் பக்கம் விடவில்லை. இத்தனைக்கும் அவர்கள் வீடு எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது.

நான் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பொம்மை யூனிட்டில் பதினாறு வருஷமாக வேலை செய்கிறேன். அச்சிலிருந்து எடுத்த பச்சைப் பொம்மைகளைப் பலகையில் வரிசையாக அடுக்கி, தோளில் ஏற்றி, காயவைக்கும் ஷெட்டுக்கும் அங்கிருந்து சூளைக்கும் கொண்டுபோக வேண்டும். நாளெல்லாம் நடைதான். ஆனாலும் நாற்பத்தொரு வயதில் எனக்குச் சர்க்கரை எட்டிப் பார்த்தது. மருந்து ஆரம்பிக்க இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம், தினமும் ஓடிப் பாருங்கள் என்றார் டாக்டரம்மா. சென்னையில் படிக்கும் மகள் வந்திருந்தபோது ஷூ வாங்கிக் கொடுத்து, போனில் தூரத்தையும் வேகத்தையும் காட்டும் ஆப் ஒன்றைப் போட்டுவிட்டுப் போனாள்.

ஊரில் ஓடுகிறவர்களுக்கென்று ஒரு வாட்ஸப் குரூப் இருந்தது. அதை நடத்துகிறவர் நம் மாப்பிள்ளை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டூ வீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது மாவட்ட அளவில் ஓடினாராம். யாரும் பார்த்ததில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் அவரே சொல்லியிருக்கிறார். கையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு வாட்ச். காலையில் கல்லூரி மைதானத்தில் மூன்று கிலோமீட்டர் ஓடுவார், ஓடின வேகத்தைப் படம் பிடித்துக் குரூப்பில் போடுவார், கீழே முப்பது பேர் கை தட்டுவார்கள்.

குரூப்பில் ஒரு சட்டம் உண்டு. ஒரு கிலோமீட்டரை ஆறரை நிமிஷத்துக்குள் முடிக்க வேண்டும். அதற்கு மேல் ஆனால் அது ஓட்டம் இல்லை, கடைக்குப் போய் வருவது என்பார். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் இதே சட்டம்தான். நான் முதல் நாள் ஒன்றரைக் கிலோமீட்டரை எப்படியோ தள்ளிக்கொண்டு போய் முடித்து, பயந்து பயந்து படத்தைப் போட்டேன். என் வேகம் ஒன்பது நிமிஷத்துக்கு மேல். அவர் கை தட்டவில்லை. ஒரு ஆமைப் படம் போட்டார். அடுத்த நாள் இரண்டு ஆமை. மூன்றாம் நாள் நான் படம் போடுவதற்கு முன்னாலேயே ஆமை வந்து உட்கார்ந்திருந்தது. குரூப்பில் இருந்த தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரும் சிரித்து வைத்தார்கள்.

எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. அந்த ஆமையை ஒழிக்க வேண்டும் என்ற ஒரே வெறியில் ஓட ஆரம்பித்தேன். ஓடினேன் என்று சொல்வதைவிட என்னை நானே துரத்தினேன் என்று சொல்லலாம். வாய் திறந்து, கண் இருண்டு, அரைக் கிலோமீட்டருக்கு ஒருமுறை வேலியைப் பிடித்துக்கொண்டு நின்று, திரும்பவும் பாய்ந்து ஓடுவேன். பத்தொன்பதாம் நாள் ஒரு கிலோமீட்டரை ஆறு நிமிஷம் இருபத்தைந்து வினாடியில் முடித்தேன். அன்றைக்கு ஆமை வரவில்லை. இருபதாம் நாள் படுக்கையிலிருந்து எழுந்து காலைத் தரையில் வைக்க முடியவில்லை. முழங்காலுக்குக் கீழே முன் எலும்பு நெடுக வலி. எலும்பு டாக்டர் அழுத்திப் பார்த்து, ஐந்து வாரத்துக்கு ஓட்டம் கூடாது என்றார்.

அந்த ஐந்து வாரத்துக்குள்தான் உறவில் ஒரு காதுகுத்து வந்தது. மண்டபத்தில் நான் நொண்டிக்கொண்டு பந்திக்குப் போவதை மாப்பிள்ளை பார்த்துவிட்டார். உட்கார்ந்திருந்த முப்பது நாற்பது பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"நான் அப்பவே சொன்னேன். இதுக்கெல்லாம் ஒடம்புல சரக்கு வேணும். இதுக்கு பொம்மை தூக்கத்தான் வரும்."

நான் அவர் மனைவியின் அண்ணன் பொண்டாட்டி. முறையாக மரியாதை கொடுக்க வேண்டியவர், என்னை 'இது' என்றார். பந்தி முழுக்கச் சிரித்தது. என் கணவரும் சிரித்தார். அதை வீட்டுக்கு வந்து தனியாகப் பார்த்துக்கொண்டேன், இங்கே எழுதும்படி இல்லை. நாத்தனார் மட்டும் தலையைக் குனிந்து இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அந்த மண்டபத்தில் வைத்து முடிவு செய்தேன், இந்த மனுஷனைச் சும்மா விடுவதில்லை என்று. வீட்டுக்குள் வைத்து எதுவும் செய்ய முடியாது, அங்கே அவர் மாப்பிள்ளை. ரோட்டில்தான் முடியும்.

யூனிட்டில் வேலை மட்டும் நிற்கவில்லை. வலிக்கிற காலோடுதான் பலகை தூக்கினேன். அப்போதுதான் ஒன்று கவனித்தேன். மைதானத்தில் பத்து நிமிஷத்தில் என்னை முடக்கிப் போட்ட கால், இங்கே எட்டு மணி நேரம் நடந்தும் வலி கூடவில்லை. எப்படி நடக்கிறேன் என்று குனிந்து பார்த்தேன். சின்னச் சின்ன எட்டாக எடுத்து வைக்கிறேன். பாதம் தரையை விட்டு அதிகம் எழும்புவதில்லை. இடுப்புக்கு மேலே ஆட்டமே கிடையாது, ஆடினால் பச்சைப் பொம்மையின் மூக்கு பக்கத்துப் பொம்மையில் ஒட்டிக்கொள்ளும். இன்னொன்று, நாங்கள் யாரும் பேசாமல் பலகை தூக்குவதில்லை. முன்னால் போகிறவளும் பின்னால் வருகிறவளும் மாமியார் கதை, சீரியல் கதை எல்லாம் பேசிக்கொண்டே போவோம். ஒருத்தி பேச்சை நிறுத்திவிட்டாள் என்றால் அவள் அவசரப்படுகிறாள், எதையோ உடைக்கப்போகிறாள் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். புதிதாக வேலைக்கு வருகிறவளிடம் நாங்கள் வேகமாகப் போ என்று சொல்வதே இல்லை. பேசிக்கொண்டே போ என்றுதான் சொல்வோம். மூன்று மாதத்தில் வேகம் தானாக வந்துவிடும்.

பதினாறு வருஷம் தோளில் வைத்திருந்த விஷயத்தை மைதானத்தில் இறங்கினதும் மறந்துபோயிருக்கிறேன். யாரோ வைத்த ஆமைக்குப் பயந்து.

கால் சரியானதும் மைதானத்துக்குப் போகவில்லை. ஜங்ஷன் ரோட்டைத் தாண்டி, கருவேப்பிலங்குறிச்சி போகிற ரோட்டில் விடியற்காலையில் தனியாக ஓட ஆரம்பித்தேன். பலகை நடையையே கொஞ்சம் குதிக்க வைத்தால் என்ன வருமோ அதுதான் என் ஓட்டம். நடந்து போகிற ஆள் என்னை முந்தினாலும் முந்தலாம், அவ்வளவு மெதுவு. ஆனால் ஒரு சிக்கல் வந்தது. பேசிக்கொண்டே ஓட வேண்டும், பேச ஆள் இல்லை. அதனால் மாப்பிள்ளையிடம் பேசினேன்.

அதாவது, வாய்விட்டுத் திட்டினேன். பேச்சை எடுத்தால் திட்டுத்தான் வந்தது, அதில் எனக்குப் பஞ்சமே இல்லை. கட்டையில போறவனே என்று தொடங்குவேன். ஒரிஜினல் என்று சொல்லி டூப்ளிகேட் சாமான் விக்கிறவனே, ஒரு நாள் உன் பைக்கே பிரேக் பிடிக்காமல் போகும், அன்னைக்கு உனக்கு ஒரு கிளட்ச் ஒயர்கூடக் கடனாக் கிடைக்காது, அந்த வாட்சோட தள்ளிக்கிட்டே வூடு வந்து சேருவ என்று ஒரே மூச்சில் போகும். இந்த முழு வசவையும் நடுவில் மூச்சு வாங்காமல் முடித்துவிட்டால் வேகம் சரி. பாதியில் நின்றால் கூடிவிட்டது, குறைக்க வேண்டும். ஆப்பைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். பால்காரர் ஒருவர் இரண்டு நாள் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் வண்டியை நிறுத்தி, உடம்புக்கு ஏதாவது சரியில்லையா என்று கேட்டார். நல்லாத்தான் இருக்கிறேன் என்றேன். உண்மையிலேயே அவ்வளவு நன்றாக இருந்தேன்.

முதலில் இரண்டு கிலோமீட்டர். அடுத்த மாதம் நான்கு. மழைக்காலம் முடிவதற்குள் ஞாயிற்றுக்கிழமைகளில் எட்டு, ஒன்பது என்று போய்விட்டு வந்து தோசை வார்த்தேன். ஒருநாள் மகள் என் போனைப் பார்த்துவிட்டு, அம்மா நீ அதே மாதிரி திட்டிக்கிட்டுத்தானே ஓடுற, வேகம் ஒன்பதரையிலிருந்து எட்டே முக்காலுக்கு வந்திருக்கு என்றாள். நான் அதற்காக ஒன்றுமே செய்யவில்லை. புதிதாக ஓட வருகிறவர்களுக்கு வேகம் முக்கியமா என்று என்னைக் கேட்டால், முக்கியம்தான், குறைக்கத் தெரிகிற அளவுக்கு முக்கியம் என்பேன். குரூப்பில் மட்டும் ஒரு வார்த்தை போடவில்லை. நான் ஓட்டத்தை விட்டுவிட்டேன் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கட்டும் என்று விட்டுவைத்தேன்.

மார்கழியில் ஊரில் பத்துக் கிலோமீட்டர் ஓட்டம் ஒன்று நடத்தப்போவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். மாப்பிள்ளை ஐம்பத்தைந்து நிமிஷத்தில் முடித்துக் காட்டுவதாகக் குரூப்பில் அறிவித்தார். நான் பேர் கொடுத்துவிட்டு வந்தேன். பட்டியல் வெளியானதும் வீட்டில் பூகம்பம். மாமியார் நேராகச் சமையலறைக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் ஓடுவதில் அவருக்குக் குறை இல்லை. அவர் பயமெல்லாம் வேறு.

"நீ ஓடு, வேணாங்கல. மாப்பிள்ளைய மட்டும் முந்திடாதம்மா. நாலு பேரு பாக்க முந்திட்டேன்னா, பொங்கலுக்கு பொண்ண அனுப்ப மாட்டாரு."

ஆறு மாதம் வெயிலிலும் பனியிலும் எதற்காக ஓடினேனோ அதையே வேண்டாம் என்கிறார். கரண்டியைத் தூக்கி எறிந்திருப்பேன். ஆனால் அவர் என் கையை விடவில்லை. மகள் வராத ஏழு மாதமும் இந்த அம்மாள் தினமும் மாலை வாசலில் நின்று அந்தத் தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். முந்த மாட்டேன் அத்தை, பின்னாடியே வரேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்துவிட்டுக் கொல்லைப்புறம் போய் ஒரு பாடு அழுதேன்.

ஓட்டத்தன்று காலை ஆறு மணிக்கு இருநூறு பேர் போலக் கூடியிருந்தோம். மாப்பிள்ளை முதல் வரிசையில் நின்றார். கொடி அசைந்ததும் பாய்ந்தார். நான் கடைசி வரிசையில் பலகை தூக்குகிற நினைப்பில் கிளம்பினேன். முதல் கிலோமீட்டரில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், வயசானவர்கள் எல்லோரும் என்னைத் தாண்டிப் போனார்கள். நான்காவதில் அவர்களில் பாதிப் பேரை நடந்துகொண்டிருக்கப் பார்த்தேன். ஊரைத் தாண்டித் திரும்பும் இடத்தில் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். ஆறாவது கிலோமீட்டர் முடிகிற இடத்தில், இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நடந்துபோகிற ஒரு முதுகு தெரிந்தது. அந்த முதுகை நான் எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்வேன்.

தினமும் மூன்று கிலோமீட்டரை வேகமாக ஓடிப் படம் போட்டவர் நான்காவது கிலோமீட்டரைக் கண்ணாலேயே பார்த்ததில்லை என்று அப்போதுதான் புரிந்தது. என் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினார். முகம் வெளிறிப்போயிருந்தது. உடனே ஓட ஆரம்பித்தார். முப்பது நாற்பது அடி ஓடினார், நின்றார். நான் அதே எட்டில் நெருங்கினேன். திரும்பவும் ஓடினார்.

ஒரு நொடியில் தாண்டிப்போயிருக்கலாம். கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. அப்போதுதான் எனக்குள் ஒரு வெளிச்சம் அடித்தது, அப்படியொரு சந்தோஷத்தை நான் பிள்ளை பெற்றபோதுகூட அனுபவித்ததில்லை. முந்தக் கூடாது, அவ்வளவுதானே. பின்னால் எவ்வளவு தூரத்தில் வர வேண்டும் என்று அத்தை சொல்லவில்லை.

அவருக்குப் பத்தடி பின்னால் என் இடத்தைப் பிடித்துக்கொண்டேன். அவர் நடந்தால் நானும் அந்தப் பத்தடி இடைவெளியிலேயே சின்னச் சின்னதாகத் தத்தினேன். அவர் ஓடினால் நானும் ஓடினேன். மூச்சு எனக்கு ஏராளமாக இருந்தது, அதனால் பேசிக்கொண்டும் வந்தேன். அவ்வளவு மரியாதையாக என் வாழ்நாளில் பேசியதில்லை.

"அவசரமே இல்லீங்கண்ணா. நீங்க முன்னாடி போங்க. நான் முந்த மாட்டேன். அத்தை சொல்லியிருக்காங்க."

அந்த வார்த்தை காதில் விழுந்ததும் அவர் பிடரி சிவந்ததைப் பார்த்தேன். மாமியாரும் மருமகளும் சேர்ந்து அவர் மேல் இரக்கப்பட்டு விட்டுக்கொடுக்கிறார்கள் என்று புரிந்துவிட்டது. அதை அவரால் தாங்க முடியவில்லை. திரும்பவும் பாய்ந்தார், இந்த முறை நூறு அடிகூட இருக்கும். நான் நிதானமாகப் போய்ச் சேர்ந்தேன். கடைக்கு யார் இருக்கிறார்கள் என்று விசாரித்தேன், பனியில் ஓடினால் தொண்டை கட்டும், வெந்நீர் குடியுங்கள் என்றேன். மூச்சு இழுக்கிற சத்தம் மட்டும்தான் வந்தது. இப்படியே இரண்டு கிலோமீட்டர். அவர் துன்பப்படுகிறார் என்று எனக்குத் தெரியும். நிறுத்தியிருக்கலாம் என்றும் தெரியும். நிறுத்த மனசு வரவில்லை.

எட்டாவது கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம், ஒரு மதகுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொண்டது. நான் பத்தடி தள்ளி நின்று தத்திக்கொண்டிருந்தேன். எங்களைத் தாண்டி நாலைந்து பேர் போனார்கள். அவர் தலையைத் தூக்காமல் கையை மட்டும் வீசினார், போ என்று. நான் போகவில்லை.

"நீங்க இருக்கும்போது நான் எப்படிங்கண்ணா போறது. வூட்ல தப்பாயிடும்."

"போங்க தாயே," என்றார். "முந்தியே போங்க. நானே சொல்றேன், போங்க."

மாப்பிள்ளை வாயாலேயே உத்தரவு வந்த பிறகு யார் என்ன சொல்ல முடியும். தாண்டிப்போனேன். ஒரு மணி முப்பத்தாறு நிமிஷத்தில் முடித்தேன், கழுத்தில் ஒரு தகரப் பதக்கம் போட்டார்கள். வீட்டுக்குப் போகாமல் எல்லைக்கோட்டுப் பக்கத்திலேயே நின்றேன். அரைமணி நேரம் கழித்து மாப்பிள்ளை வந்தார், ஒரு தொண்டர் ஓட்டிய ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்து, ஒரு காலை நீட்டிக்கொண்டு, ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு. படம் எடுத்தேன். குரூப்பில் போட்டேன். கீழே, அண்ணன் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டார்கள் என்று எழுதினேன். நாற்பது பேர் கை தட்டினார்கள். ஐந்து நிமிஷத்தில் அவர் குரூப்பை விட்டே வெளியேறினார்.

மத்தியானத்துக்குள் பலன் வந்தது. பொங்கலுக்கு மட்டுமல்ல, இனிமேல் எப்போதுமே அந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று நாத்தனாரிடம் சொல்லிவிட்டாராம். மாமியார் சாப்பிடவில்லை. என் கணவர், அந்தப் படத்தை முதலில் அழி, நானே போய்க் காலில் விழுந்து கூட்டிவருகிறேன் என்றார். படம் போட்ட நிமிஷத்தில் எனக்கு நாத்தனார் நினைவே வரவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். பந்தியில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தவள் மேல்தான் கடைசியில் இதுவும் போய் விழுந்திருக்கிறது. போனைக் கையில் எடுத்து, அழிக்க விரலை வைத்தபோது அவளே கூப்பிட்டாள். பின்னால் குழாயைத் திறந்துவிட்டிருந்தாள், தண்ணீர் விழும் சத்தத்தில் அவள் குரல் சன்னமாகக் கேட்டது.

"அண்ணி, அந்தப் படத்த அழிச்சிட்டீங்களா?"

இல்லை, இதோ அழிக்கிறேன் என்றேன். என்னை மன்னித்துவிடு என்றும் சொன்னேன்.

"அழிக்காதீங்க. எனக்கு அனுப்புங்க. அவரு போன்ல ஒரு தடவதான் பாத்தேன், அதுக்குள்ள புடுங்கிட்டாரு."

அவள் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்தாள்.

"பொறந்த வூட்டுக்குத்தான் போகக் கூடாதுன்னாரு அண்ணி. கிரவுண்டுக்கு போகக் கூடாதுன்னு சொல்லல. அவரு கால் வலில எழுந்திருக்கவே பத்து நாளாவும் போல இருக்குது. மொத நாளு எவ்ளோ மெதுவா ஓடணும்?"

படத்தை உடனே அனுப்பினேன். மற்றதை மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு மைதானத்தில், அவள் பக்கத்தில் ஓடிக்கொண்டே சொன்னேன்.